கார்த்திகைப் பெண்கள் எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்கவில்லை

ஓம் சரவணபவ!



கிருத்திகைப் பதிவு என்றால் ஏதாவது ஒரு தலத்தின் மகிமையை எழுதுவது வழக்கம். இந்த முறை ஒரு கேள்விக்குப் பதில் எழுதப் போகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவில் வீடுகள் புதைந்தன. அங்குள்ள பிள்ளைகளுக்கு நம்மால் முடிந்ததைச் செய்யணும் என்று குரூப்பில் பேச்சு வந்தபோது ஒரு தம்பி நேரடியாவே கேட்டார்: "அண்ணா, அதே புயல் மழையில நம்ம வயல்லயும் தண்ணி நிக்குது. சம்பா அழுகிப் போச்சு. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கே ஆயிரம் தேவை இருக்கு. இதுல கடல் தாண்டி எதுக்குண்ணா?"

நியாயமான கேள்வி. கிண்டலுக்குக் கேட்டதில்லை. அவங்க வீட்டு வயலும் மூழ்கின வயல்தான். அதனால் "தர்மம் தலைகாக்கும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரலை. முருகன் கதையிலேயே பதிலைத் தேடுவோம், வாங்க.

சரவணப் பொய்கையில் நடந்தது

சிவபெருமானின் நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறிகளை வாயுவும் அக்கினியும் தாங்கிக் கங்கையில் விட்டார்கள். கங்கை அவற்றைச் சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே தாமரை மலரில் குழந்தையாக எழுந்தருளினான் நம் பெருமான். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த காட்சியைத்தான் நாம வேகமாகக் கடந்து போயிடுறோம். சூரசம்ஹாரம் பார்க்கிற அவசரம்!

கொஞ்சம் அந்தப் பொய்கைக் கரையிலேயே நில்லுங்க. பச்சைக் குழந்தை. சுற்றிலும் நாணற்காடு. அம்மா பக்கத்தில் இல்லை, அப்பாவும் இல்லை. கயிலாயம் எங்கேயோ இருக்கு. இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது யார்?

தேவர்கள் வேண்டிக்கொள்ள, கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் ஆசை தீரவேண்டும் என்று குழந்தை ஆறு உருவாகி, ஆறு பேரிடமும் பால் குடித்தான் என்கிறது கந்தபுராணம்.

அவனுக்குப் பசி ஏது? உலகத்துக்கே படியளக்கிறவன் அவன். பிறந்த கையோடு வேலை எடுத்துக்கொண்டு போருக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தன்னைப் பெறாத ஆறு பெண்களின் மடியில் படுத்துப் பால் குடித்து வளர்ந்தான். பெரியவர்கள் இதற்குத் தத்துவ விளக்கம் நிறையச் சொல்வார்கள். என் சிற்றறிவுக்கு எட்டுவது இவ்வளவுதான்: பெற்றவள் எட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளை அழுதால், அங்கே யார் போகணும் என்று பெருமான் தன் உடம்பை வைத்தே காட்டிவிட்டான்.

அந்த ஆறு பேரும் "இது யார் பிள்ளை, எந்த ஊர், என்ன குலம், நம்ம ஏரியாவில் வருதா" என்று கேட்டதாகக் கதையில் எங்கேயும் இல்லை. பசி இருந்தது, பால் இருந்தது. அவ்வளவுதான்.

அதற்கு அவங்களுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்க. அவங்க பேரை வைத்தே அவன் கார்த்திகேயன் ஆனான். அவங்க நட்சத்திரமே அவனுக்கு விரத நாள் ஆனது. மாதா மாதம் நாம் பட்டினி கிடந்து அனுசரிக்கிற கிருத்திகை, ஊரான் பிள்ளைக்குப் பால் கொடுத்த ஆறு பெண்களின் பெயரில் இருக்கிற விரதம். இது தெரிந்த பிறகு "அடுத்த நாட்டுப் பிள்ளைக்கு நான் எதுக்கு" என்று ஒரு கிருத்திகை விரதக்காரரால் எப்படிக் கேட்க முடியும்?

நாமும் பொய்கைக் கரையில் கிடந்தோம்

தம்பி மறுபடி கேட்கலாம்: "அது புராணம் அண்ணா, நிஜத்துல?" சரி, நிஜத்துக்கே வருவோம்.

திருவிடைக்கழி முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே தரங்கம்பாடி கடற்கரைக்குப் போகாதவங்க நம்மில் குறைவு. டேனிஷ் கோட்டை பக்கம் நின்று செல்ஃபி எடுக்கிறோம். 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. நம்ம வயசுக்காரங்களுக்கு அது அரைகுறை ஞாபகம்தான். அப்போது மயிலாடுதுறை தனி மாவட்டம் இல்லை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு மாவட்டத்துக்காரர்கள்.

அன்றைக்கு நம்ம கரையில் அம்மா அப்பாவை இழந்து நின்ற பிள்ளைகளுக்கு யார் பால் கொடுத்தது? நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசு காப்பகத்தில் அந்தப் பிள்ளைகள் பலரைச் சேர்த்து வளர்த்தார்கள். அங்கே வளர்ந்த பெண் பிள்ளைகள் படித்து, ஆளாகி, கல்யாணமும் ஆகிக் குடும்பமாக இருக்கிறார்கள். அரசாங்கம் செய்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம்ம ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவங்க எத்தனையோ நாட்டிலிருந்து பணம் அனுப்பினார்கள். 2001 குஜராத் பூகம்பத்தில் வேலை பார்த்துப் பழகிய தொண்டர்கள் அங்கிருந்து கிளம்பி நாகை வந்து நின்றார்கள். அவங்க ஊர் காயமே அப்போது முழுசாக ஆறவில்லை. "நம்ம ஊர்லயே ஆயிரம் கஷ்டம்" என்று அவங்க நினைத்திருந்தால்?

அதே காலையில், அதே அலை, முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏறியது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2004இல் ஒரே அலை, 2025இல் ஒரே புயல். கடலுக்கு எல்லைக்கோடு தெரியாது, தம்பி. நமக்குத்தான் தெரியுது.

காங்கேயன் இறங்கிய துறை

"கடல் தாண்டி" என்று சொல்றோமே, எவ்வளவு தூரம் என்று பார்த்திருக்கீங்களா? 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நான்கு மணி நேரம் போல ஆகும். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகுது.

அந்தக் காங்கேசன்துறை என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? காங்கேயன் என்றால் கங்கையின் மைந்தன், நம்ம முருகன்தான். பக்கத்தில் இருக்கும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கான திருவுருவம் வந்து இறங்கிய துறை என்பதால் அந்தப் பெயர் என்று அவ்வூர் மரபு சொல்லும். கப்பல் கரை தொடும் இடமே அவன் பெயரில் இருக்கு. வடமராட்சியில் செல்வச்சந்நிதி முருகனை அங்குள்ளவர்கள் அன்னதானக் கந்தன் என்றே கூப்பிடுகிறார்கள். சோறு போடுவதே அவன் அடையாளம். அங்கிருந்து கதிர்காமம் வரை நடந்து போகும் பாதயாத்திரை அடியார்களுக்கு, வழி நெடுக ஊர் ஊராகச் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

காங்கேசன்துறைக்கு அருகில்தான் தெல்லிப்பழை. அங்குள்ள துர்க்கை அம்மன் கோயிலில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி என்று ஒரு அம்மா இருந்தார். 1925இல் பிறந்து 2008இல் மறைந்தவர். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ச் சமயச் சொற்பொழிவு செய்தவர். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காகக் கோயிலிலேயே துர்க்காபுரம் மகளிர் இல்லம் அமைத்து, போர்க்காலம் முழுக்க அவங்களைக் காத்தார். கல்யாணம் செய்துகொள்ளாமலே எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்! கார்த்திகைப் பெண்கள் வானத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று யார் சொன்னது?

லண்டனில் ஈலிங் என்ற பகுதியில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கு. நம்ம ஈழத்து மக்கள் கட்டிய கோயில். அர்ச்சனைச் சீட்டிலும் உண்டியலிலும் வருகிற வருமானத்தில் ஒரு பங்கை, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இலங்கைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் ஒருத்தர் அம்மனுக்கு ஏற்றும் விளக்கு, வன்னியில் ஒரு பிள்ளை படிக்கிற விளக்காக எரியுது.

2022இல் போன கப்பல்

இலங்கைப் பொருளாதாரம் விழுந்த 2022 நினைவிருக்கும். பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. காகிதம் வாங்கக் காசில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அங்கே பால்மா என்று சொல்கிற பால்பவுடர் கடையில் கிடைக்கவே இல்லை. குழந்தை இருக்கிற வீடு என்ன பாடு பட்டிருக்கும்!

அந்த ஏப்ரல் 29ஆம் தேதி நம்ம சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய். முதல் கப்பல் மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பியது. பொதுமக்களும் நிதி கொடுக்கலாம் என்று முதலமைச்சர் கேட்டுக்கொள்ள, கட்சி வித்தியாசம் இல்லாமல் கொடுத்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்களுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது. இலங்கைத் தமிழ்த் தலைவர்களே அதை மாற்றச் சொன்னார்கள். தமிழருக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், கஷ்டம் எல்லாருக்கும்தான், இலங்கை மக்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாக முதலமைச்சரே சட்டமன்றத்தில் சொன்னார். அதன்படியே எல்லாருக்கும் போனது.

முப்பது வருஷம் போரில் அடிபட்ட ஜனம் அது. "எங்க பிள்ளைக்கு மட்டும் கொடு" என்று கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் சிங்களப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டார்கள். கதிர்காமத்தில் நம்மோடு வரிசையில் நின்று கும்பிடுகிற பிள்ளைதானே அதுவும்!

கொடுக்கத் தெரியணும்

சரி, கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது என்று வையுங்க. எப்படி? இதற்கும் கார்த்திகைப் பெண்களையே பார்ப்போம்.

முதலாவது, பிள்ளைக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தார்கள். 2004இல் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மூட்டைகள் குப்பை மேடு மாதிரி கிடந்தன. அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதான். ஆனால் வாங்கினவங்களுக்கு அது தேவைப்படவே இல்லை, எடுத்து அப்புறப்படுத்துவதே தனி வேலையானது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பேரிடர் நேரத்தில் கைக்குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பாவைப் பொதுவில் வசூலித்து அனுப்பாதீங்க என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன. கலக்க நல்ல தண்ணீர் இருக்காது, வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விடும். பால்பவுடர் யாருக்கு, எவ்வளவு என்பதை அங்குள்ள மருத்துவர்கள் முடிவு செய்யணும். அதனால் பொருளை அள்ளிப் போட்டு அனுப்பும் முன் அங்கே இருப்பவரைக் கேளுங்க. பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதுதான் நல்லது. அங்கேயே வாங்கினால் அங்குள்ள கடைக்காரரும் பிழைப்பார்.

இரண்டாவது, கணக்கு. ஐ.டி.யில் வேலை செய்கிற நமக்கு ஒரு பட்டனுக்குப் பத்து டெஸ்ட் எழுதத் தெரியும். முருகன் பெயரில் வசூல் பண்ணும்போது மட்டும் "நம்ம அண்ணன்தானே" என்று எவர் ஜிபே நம்பருக்கும் பணம் போட்டுவிடுகிறோம். அடுத்த நாட்டுக்குப் பணம் அனுப்ப வழிமுறை உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம், அதில் நன்கொடையும் அடங்கும். இங்கே பதிவான டிரஸ்ட் வெளிநாட்டில் செலவு செய்ய வருமானவரிச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் இருக்கு, ஆடிட்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஊர்ப் பணத்தைத் தன் சேமிப்புக் கணக்கில் வாங்கி அனுப்புவது மனசு சுத்தமாக இருந்தாலும் சிக்கல்தான். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற, பதிவு பெற்ற அமைப்புக்கு நேராகக் கொடுங்க. ரசீது கேளுங்க. ரசீது கேட்டால் கோபப்படுகிற இடத்துக்குக் கொடுக்காதீங்க. பழநி உண்டியலைக்கூட ஆளை வைத்து எண்ணித்தான் கணக்கு எழுதுகிறார்கள்!

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பார்வதி தேவி பொய்கைக்கு வந்தபோது கார்த்திகைப் பெண்கள் என்ன செய்தார்கள்? "நாங்க பால் கொடுத்த பிள்ளை" என்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அம்மை வாரி அணைத்தாள், ஆறு உருவும் ஒன்றாகி ஆறுமுகம் ஆனது. பிள்ளை தாயிடம் போய்ச் சேர்ந்தது. அவங்க விலகி நின்றார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு, பிள்ளை முகம் தெரிய போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பாதுகாப்பு தேவைப்படும் நிலையில் இருக்கிற பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்க, அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகி அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? வாங்கிய கை என்று காலத்துக்கும் இணையத்தில் நிற்கணுமா அது?

அதேபோல, உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமைதான் பிரிக்கிறது. இல்லம் கட்டப் பணம் கேட்டால் உடனே கிடைக்கும், கல்வெட்டில் பெயரும் வரும். அந்தத் தாய்க்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். பிள்ளையைத் தாயிடம் சேர்க்கிற உதவிதான் கார்த்திகைப் பெண்கள் செய்த உதவி. யாருமே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டியதுதான், தெல்லிப்பழை அம்மா காட்டிய வழி அதற்கு உண்டு.

ஆறில் ஒரு பங்கு

இப்போது தம்பி கேட்டதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பசியோடு இருக்கும்போது அதைத் தாண்டிப் போய்க் கடலுக்கு அப்பால் கொடுப்பது அழகில்லை. அதனால் நான் சொல்வது ஒரு எளிய கணக்கு. ஒவ்வொரு கிருத்திகைக்கும் உங்களால் முடிந்ததை எடுத்து வையுங்க. அறுபது ரூபாய் என்றாலும் சரி. அதை ஆறாகப் பிரியுங்க. ஐந்து பங்கு நம்ம மண்ணுக்கு, மூழ்கின வயல்காரர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு. ஒரு பங்கு, நாம் பார்க்கவே போகாத, நமக்கு நன்றி சொல்லவே முடியாத ஒரு பிள்ளைக்கு. அந்த ஆறாவது பங்குதான் நம்மைச் சோதிக்கும். ஐந்து பங்குக்கு ஊரில் நல்ல பெயர் வரும். ஆறாவதை முருகன் மட்டும்தான் பார்ப்பான்.

காசே இல்லாதவங்க? இலங்கைக்கும் நமக்கும் கடிகாரத்தில் ஒரே நேரம். அங்கே தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கும் நமக்கும் ஒரே மொழி. மலையகத் தோட்டப் பிள்ளைகளின் முன்னோர் பலர் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான். பிள்ளைகள் பாதுகாப்பை ஒழுங்காகக் கவனிக்கிற அமைப்பு ஒன்றின் மூலமாக, வாரம் ஒரு மணி நேரம் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு முடியாது? ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

வைத்தீஸ்வரன்கோயில் போகிறவங்க அடுத்த முறை செல்வமுத்துக்குமாரசுவாமி சன்னதியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நில்லுங்க. வேலை வேணும், விசா வேணும், கல்யாணம் ஆகணும் என்று கேட்பதெல்லாம் கேளுங்க, அவன் தருவான். அதோடு, பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காகவும் ஒரு வேண்டுதல் வையுங்க. அந்தப் பிள்ளை சாப்பிட்டுத் தூங்கணும், முருகா என்று. அவனுக்குப் புரியும். அவனும் ஒருநாள், யாராவது வருவாங்களா என்று பொய்கைக் கரையில் கிடந்த பிள்ளைதான்.

பதிவு பிடித்திருந்தால் உங்க குரூப்பில் பகிருங்க. உங்க ஊரில் இந்த மாதிரி தொண்டு நடந்தால் எழுதுங்க, பிள்ளைகள் போட்டோ மட்டும் வேண்டாம்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!